வாய்க்காலுக்கு மேற்கே: புதுச்சேரியில் நடந்து வாழத்தக்க பகுதியைத் தேர்தல்

1. ஆய்வுச் சிக்கல்

புதுச்சேரியில் குடியேற நினைக்கிற வெளியூர்க்காரர்கள் பலர், பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கம் வீடு கிடைக்குமா என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். விடுமுறை நாள்களில் வந்து போனபோது அவர்கள் நடந்த இடம் அது. மாலை 6 மணிக்கு வண்டிகள் நிறுத்தப்பட்ட கடற்கரைச் சாலை, மஞ்சள் பூச்சுச் சுவர்கள், அவற்றின்மேல் வழியும் காகிதப்பூக் கொடிகள் என்று மனத்தில் பதிந்த சித்திரமே வீட்டுத் தேடலாக மாறிவிடுகிறது.

விருந்தாளியாக நடந்த அனுபவத்தைக் கொண்டு குடியிருப்பவரின் நடையை அளக்கலாமா என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி. அளக்கக் கூடாது என்பதும், புதுச்சேரியில் நடந்து வாழ ஏற்ற பகுதி வாய்க்காலுக்குச் சற்று மேற்கே, ஆம்பூர் சாலைக்கும் மகாத்மா காந்தி வீதிக்கும் இடைப்பட்ட பட்டைதான் என்பதும் இதன் துணிபு. ஒரு சிறு நகரத்தைப் பற்றிய முடிவாயினும், இதற்குக் கையாளும் அளவுகோல்களைக் கும்பகோணத்துக்கோ காரைக்குடிக்கோ எடுத்துச் செல்லவும் இயலும்.

2. வரையறைகள்

2.1 இருவகை நடை

நடையை இங்கே இரண்டாகப் பகுத்துக்கொள்வோம். எங்கும் போய்ச் சேரவேண்டிய அவசியமில்லாமல் நடப்பது உலா நடை. பாலுக்கும் மருந்துக்கும், பிள்ளையைப் பள்ளியில் விடுவதற்கும், தையற்காரரிடம் கொடுத்த துணியை வாங்கி வருவதற்கும் நடப்பது காரிய நடை. உலா நடைக்கு அழகு போதும். காரிய நடை ஒரு நாளைக்கு நான்கைந்து முறை நிகழ்வது. கையில் சுமையோடு, பெரும்பாலும் வெயிலில், சில மாதங்கள் மழையில் நிகழ்வது. ஒரு பகுதி நடந்து வாழத்தக்கதா என்பதைக் காரிய நடையே தீர்மானிக்கிறது. உலா நடைக்கு வேண்டிய இடம் அடுத்த தெருவில் இருந்தாலும் நட்டமில்லை.

2.2 ஆய்வு எல்லை

நான்கு புறமும் புல்வார் என்று ஊர்மக்கள் சொல்லும் சாலைகளுக்குள் அடங்கிய பழைய நகரமே முதன்மை எல்லை. வடக்கே சர்தார் வல்லபபாய் படேல் சாலை, மேற்கே அண்ணா சாலை, தெற்கே சுப்பையா சாலை, கிழக்கே கூபேர் கடற்கரைச் சாலை. கடலிலிருந்து அண்ணா சாலை வரை சுமார் ஒன்றேகால் கிலோமீட்டர். வடகோடியிலிருந்து தென்கோடி வரை இரண்டு கிலோமீட்டருக்குள். நல்ல நடையாளர் அரைமணி நேரத்தில் ஊரின் நீளத்தைக் கடந்துவிடலாம். புல்வாருக்கு வெளியே உள்ள பகுதிகளை ஒப்பீட்டுக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

3. நகரம் உருவான விதம்

3.1 நேர்வீதிகள்

பிரெஞ்சுக்காரர் இங்கே கால் ஊன்றியது 1674இல். ஆயினும் புதுச்சேரியின் குறுக்கும் நெடுக்குமான நேர்வீதி அமைப்புக்கு வித்திட்டவர்கள் 1693 முதல் 1699 வரை ஊரைத் தம் கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள். 1761இல் ஆங்கிலேயர் ஊரை இடித்துத் தரைமட்டமாக்கினர். பின்னர் பிரெஞ்சுக்காரர் திரும்பக் கட்டியபோது பழைய வீதிக்கோடுகளின் மீதே கட்டினர். முட்டை வடிவில் ஊரைச் சுற்றும் புல்வார்கள் பழைய மதில் நின்ற தடத்தை ஒட்டியவை.

நடப்பவருக்கு இதனால் விளைந்த நன்மை பெரிது. வீதிகள் ஒன்றையொன்று அடிக்கடி வெட்டுவதால் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பல வழிகள் உண்டு. ஒரு வீதியில் சவ ஊர்வலமோ சாமி புறப்பாடோ வந்தால் அடுத்த வீதிக்குத் திரும்பிவிடலாம். அமெரிக்க நகரங்களை ஆராய்ந்த ஜேன் ஜேக்கப்ஸ் 1961இல் வெளியிட்ட நூலில், குறுகிய தெருத் துண்டுகளை உயிருள்ள ஊருக்கான நான்கு நிபந்தனைகளுள் ஒன்றாக வைத்தார். புதுச்சேரிக்கு அது பதினேழாம் நூற்றாண்டிலேயே வாய்த்துவிட்டது.

3.2 வாய்க்கால்

அந்த ஊரை நடுவே பிளந்தது வாய்க்கால். கிழக்கே ஐரோப்பியர் வசித்த வெள்ளை நகர். மேற்கே கறுப்பர் நகர் என்று அவர்கள் அழைத்த தமிழர் பகுதி. மேற்கிலும் குடிகள் சாதி, தொழில், சமயம் பார்த்தே வீதிவீதியாகப் பிரிக்கப்பட்டனர். வெள்ளாள வீதி, செட்டி வீதி, வைசியாள் வீதி என்னும் பெயர்கள் அதற்குச் சாட்சி. வடக்கில் இந்துக்கள், நடுவில் சம்பா கோயில் என்னும் தேவாலயத்தைச் சுற்றிக் கிறித்தவர்கள், தெற்கில் முல்லா வீதி, காஜியார் வீதிப் பக்கம் முஸ்லிம்கள் என்ற பரவல் இன்றும் மங்கலாகத் தெரிகிறது.

சிலப்பதிகாரத்தில் இளங்கோவடிகள் காட்டும் புகாரும் இருபாதி நகரமே. கடலோரம் மருவூர்ப்பாக்கம், உள்ளே பட்டினப்பாக்கம். அங்கே இரண்டுக்கும் இடையில் இருந்தது நாளங்காடி. இருபுறத்தாரும் வந்து கூடும் சந்தையை நடுவில் வைத்தது அந்த நகரம். புதுச்சேரியோ நடுவில் வாய்க்காலை வைத்தது. சந்தை முழுவதுமாக மேற்கே போய்விட்டது. வீடு தேடுகிறவர் மனத்தில் இருத்த வேண்டிய முதல் உண்மை இது.

4. அளவுகோல்கள்

4.1 தொலைவு

மணிக்கு நான்கு கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவர் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 650 மீட்டர் போவார். முழங்கால் வலியுள்ள முதியவர் அதே நேரத்தில் 400 மீட்டர் போனால் அதிகம். ஆகவே முதியவரின் பத்து நிமிடத்தையே அலகாகக் கொள்ளவேண்டும். அந்த வட்டத்துக்குள் காய்கறி, மளிகை, மருந்துக்கடை, மாவு மில், தேநீர்க்கடை, இஸ்திரி போடுபவர், பேருந்து அல்லது ஆட்டோ நிறுத்தம் ஆகியவற்றுள் எத்தனை அடங்குகின்றன என்று எண்ணிப் பார்ப்பதே சோதனை.

4.2 நிழல்

புதுச்சேரி ஏறக்குறைய 12 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் நான்காம் வாரத்திலும் ஆகஸ்ட் மூன்றாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. இடைப்பட்ட மாதங்களில் சற்றே வடக்கே சாய்ந்து நிற்கிறது. உச்சி வெயிலில் எந்தச் சுவரும் நிழல் தராது. மேலே கூரை வேண்டும் அல்லது மரம் வேண்டும். காலையிலும் மாலையிலும் நிலைமை வேறு. வடக்குத் தெற்காக ஓடும் வீதியில் காலையில் கிழக்கு ஓரமும் பிற்பகலில் மேற்கு ஓரமும் நிழலாக இருக்கும். கிழக்கு மேற்காக ஓடும் வீதியில் அந்த நேரங்களில் வெயில் தெருவின் நீளத்துக்கும் பாயும். ஆனால் பிற்பகல் கடற்காற்றும் அதே வழியாகத்தான் உள்ளே வருகிறது. இந்த இரண்டையும் எடைபோட்டே எந்தத் திசையில் ஓடும் வீதியில் வீடு எடுப்பது என்று முடிவு செய்யவேண்டும்.

4.3 முகப்பு

வீடு தெருவுக்கு முகம் காட்டுகிறதா, முதுகு காட்டுகிறதா? வெள்ளை நகரின் பிரெஞ்சு வீடுகள் உயர்ந்த மதிலுக்கும் பெரிய கதவுக்கும் பின்னால் தோட்டத்தை வைத்துக்கொண்டு தமக்குள் வாழ்பவை. தமிழ் வீடு எதிர்மாறானது. முன்னால் திண்ணை; அதற்கும் முன்னால், மரத்தூண்களின்மேல் ஓட்டுச் சாய்ப்பு இறக்கிய தாழ்வாரம். வழிப்போக்கர் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கட்டும் என்று வீட்டுக்காரர் தெருவுக்குத் தந்த கொடை அது. வரிசையாக எல்லா வீட்டிலும் தாழ்வாரம் இருந்த காலத்தில் தெருவின் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை தலையில் வெயில் படாமல் போயிருக்கலாம். தெருவைக் காப்பவை அங்கே வசிப்பவர்களின் கண்களே என்ற ஜேக்கப்ஸின் வாதத்துக்கு, திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டியைவிட நல்ல எடுத்துக்காட்டு தேடவேண்டியதில்லை.

4.4 நடைபாதையும் கடப்பும்

இந்தியச் சாலைகள் பேரவை 2012இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் வேண்டும் என்கின்றன. இரண்டு சக்கரநாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கப் போதுமான அகலம் அது. பழைய வீதிகளில் நடைபாதை இருந்தாலும் ஸ்கூட்டர்களும் கடைப் பலகைகளும் மின்பெட்டிகளும் அதைத் தின்றுவிடுகின்றன. எனவே பாதையின் அகலத்தை அளந்து பயனில்லை. எஞ்சியிருக்கும் அகலத்தையே அளக்கவேண்டும்.

4.5 நீர்

வடகிழக்குப் பருவமழையே இவ்வூருக்கு முதன்மை. 2024 நவம்பர் இறுதியில் ஃபெஞ்சல் புயலின்போது ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற, புல்வாருக்கு வெளியே தாழ்ந்த நிலத்தில் எழுந்த குடியிருப்புகள் வெள்ளத்தில் மிதந்தன. கார்த்திகையில் நடக்க முடியாத தெருவை நடைக்குரியது என்று சொல்ல முடியாது.

4.6 பண்பாட்டு அண்மை

கோயிலும் நூலகமும் வீட்டிலிருந்து நடக்கும் தொலைவில் இருந்தால்தான் பண்பாடு அன்றாடமாகும். இல்லையேல் அது ஞாயிற்றுக்கிழமை விஷயமாகிவிடும்.

5. பகுதிவாரி ஒப்பீடு

5.1 வெள்ளை நகர்

பண்பாட்டு அண்மையில் இதற்கு இணையில்லை. 1827இல் தொடங்கிய ரோமன் ரோலண்ட் நூலகம், பாரதி பூங்கா, அதன் நடுவே ஆயி மண்டபம், அரவிந்தர் ஆசிரமம், மணக்குள விநாயகர் கோயில், 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் எல்லாம் இங்கேதான். அந்நிறுவனத்திலும் தூரகிழக்கு நாடுகளுக்கான பிரெஞ்சுப் பள்ளியிலும் உள்ள சைவ ஓலைச்சுவடிகளை யுனெஸ்கோ 2005இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுவடிகளோடு வேலை செய்பவருக்கு இதைவிட நல்ல பேட்டை உலகில் அரிது.

காரிய நடையில் இப்பகுதி தோற்கிறது. வீடுகள் பல விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறிவிட்டன. இன்னும் பல ஆசிரமத்துக்கும் அரசுக்கும் உரியவை. காலையில் கொத்தமல்லிக் கட்டு வாங்க வாய்க்காலைத் தாண்டத்தான் வேண்டும். வார நாள்களில் பத்து மணிக்குமேல் சில வீதிகளில் நீண்ட மதிலும் சாத்திய கதவுகளுமே துணை. வார இறுதியில் வாடகை ஸ்கூட்டர்களும் படம் பிடிப்போர் கூட்டமும் அதே வீதிகளை நிறைத்துவிடுகின்றன.

5.2 வடமேற்கு: வைசியாள் வீதியும் சூழலும்

வாய்க்காலைத் தாண்டியதும் தெருவின் குணம் மாறுகிறது. கீழ்த்தளம் திண்ணையும் தாழ்வாரமுமாகத் தமிழாகவும், மேல்தளம் வளைவுச் சாளரமும் கைப்பிடிச் சுவருமாகப் பிரெஞ்சாகவும் நிற்கும் கலப்பு வீடுகள் இங்கே உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆசியா அர்ப்ஸ் திட்டத்தில், மரபுப் பாதுகாப்பு அமைப்பான இன்டாக் முன்னின்று வைசியாள் வீதியின் முகப்புகளைப் புதுப்பித்தது. தாழ்வாரம் தொடர்ச்சியாக இருந்தால் ஒரு தெரு எப்படி இருக்கும் என்பதைக் காண அங்கே போய்வரலாம்.

சற்றுத் தொலைவில் ஈசுவரன் தருமராசா கோயில் வீதியில், 1908 முதல் 1918 வரை இவ்வூரில் புகலிருந்த பாரதியின் நினைவு இல்லம். பெருமாள் கோயில் வீதியில் பாரதிதாசன் வாழ்ந்த வீடு. காந்தி வீதிப் பக்கம் வேதபுரீசுவரர், வரதராசப் பெருமாள் கோயில்கள். 1748இல் பிரெஞ்சு ஆளுநர் துப்ளேக்ஸ் ஆட்சியில் இடிக்கப்பட்ட ஈசுவரன் கோயில் பின்னர் வேறிடத்தில் எழுந்த கதையை, அவருடைய துபாசி ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பைப் படித்தவர்கள் இந்த வீதிகளில் நடக்கும்போது நினைக்காமல் இருக்கமாட்டார்கள். மாசி மகத்தன்று சாமிகள் போகும் வைத்திக்குப்பம் கடற்கரையும் இப்பகுதிக்கு எட்டும் தொலைவே.

5.3 நடுப்பகுதி: பெரிய மார்க்கெட்டும் மிஷன் வீதியும்

கூபேர் அங்காடியை ஊர் பெரிய மார்க்கெட் என்றே அழைக்கிறது. மீனும் பூவும் காயும் பாத்திரமும் ஒரே கூரைத்தொகுதியில் கிடைக்கும் இடம். அதை ஒட்டி நேரு வீதி, ரங்கப்பிள்ளை வீதி. ரங்கப்பிள்ளை வீதியில் 1738இல் கட்டிய ஆனந்தரங்கப் பிள்ளை மாளிகை. மிஷன் வீதியில் 1791இல் கட்டி முடித்த சம்பா கோயில். ஞாயிறன்று காந்தி வீதி முழுக்கச் சண்டே மார்க்கெட் விரிகிறது. தொலைவு என்னும் அளவுகோலில் இப்பகுதிக்கே முதலிடம்.

விலையும் உண்டு. நேரு வீதியில் மாலை நேரம் ஒரு கையில் பையும் மறுகையில் பிள்ளையுமாகக் குறுக்கே கடப்பது துணிச்சலான செயல். இரைச்சலும் ஓய்வதில்லை. மார்க்கெட்டை ஒட்டிய வீதியைவிட, அதிலிருந்து இரண்டு மூன்று வீதி தள்ளிய வீடே குடியிருக்க நல்லது.

5.4 தென்பகுதி

குத்பா பள்ளிவாசலைச் சூழ்ந்த வீதிகள் குறுகியவை. வீட்டு முகப்புகள் எளியவை, அழகானவை. அண்டை அயலார் உறவு வலுவாக உள்ள பகுதி. இரயில் நிலையமும் சுப்பையா சாலைத் திருஇருதய ஆலயமும் நடக்கும் தொலைவில். பெரிய மார்க்கெட் சற்றுத் தள்ளி என்றாலும் அன்றாடத் தேவைக்குத் தெருமுனைக் கடைகள் போதும். வெளியார் கண்ணில் அதிகம் படாத இந்தப் பகுதியை வீடு தேடுகிறவர்கள் பட்டியலில் சேர்ப்பதில்லை. சேர்க்கவேண்டும்.

5.5 புல்வாருக்கு வெளியே

வடக்கே முத்தியால்பேட்டை நெசவாளர் குடியிருப்பாக வளர்ந்த பழைய ஊர். அதற்கென்று தனிச் சந்தை, மணிக்கூண்டு, கோயில்கள் இருப்பதால் காரிய நடையில் அது தன்னிறைவு கொண்டது, வாடகையிலும் எட்டக்கூடியது. லாஸ்பேட்டை போன்ற பிற்காலக் குடியிருப்புகளில் வீடு விசாலம், காற்று வெளிச்சம் தாராளம். ஆனால் பெரும்பாலான காரியங்களுக்கு வண்டிச் சாவியைத் தேடவேண்டியிருக்கும்.

6. எதிர்வாதங்கள்

6.1 சக்கரநாற்காலியும் ஊன்றுகோலும்

வீட்டுக்கு வீடு திண்ணைப் படியும் வண்டி ஏற்றும் சரிவும் வேறுபடுவதால் தமிழ்ப் பகுதியின் நடைபாதை ஏறி இறங்கிக்கொண்டே போகும். தாழ்வாரத்தைப் போற்றும்போது இதை மறைப்பது முறையன்று. ஊன்றுகோல் பிடிப்பவருக்கும் சக்கரநாற்காலியில் செல்பவருக்கும் வெள்ளை நகரின் சமதளப் பாதைகளும், காலை 7.30 வரை வண்டியில்லாத கடற்கரைச் சாலையும் மெய்யாகவே மேலானவை. அவர்களுக்கு இக்கட்டுரையின் துணிபு பொருந்தாது.

6.2 கட்டடங்களின் உறுதி

பழைய வீடு என்பது அழகு மட்டும் அல்ல, பராமரிப்பும். 1870களைச் சேர்ந்த மேரி என்னும் நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்தது. மீண்டும் கட்டித் திறக்க 2021 ஆயிற்று. அரசுக் கட்டடத்துக்கே அந்த நிலை என்றால், மெட்ராஸ் டெர்ரஸ் கூரையில் ஈரம் கசியும் வாடகை வீட்டை மழைக்காலத்தில் பார்க்காமல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடக் கூடாது.

6.3 யாருக்கு வீடு

வீதிகளைச் சாதிவாரியாக வகுத்த வரலாறு வாடகைப் பேச்சில் இன்னும் எட்டிப்பார்க்கிறது. சைவமா என்று தொடங்கும் விசாரணை எங்கே போய் முடியும் என்பது வீடு தேடியவர்களுக்குத் தெரியும். நடைக்குரிய தெரு எல்லாருக்கும் கிடைப்பதில்லை என்பதும் நடையைப் பற்றிய ஆய்வுக்கு உட்பட்டதே.

7. தேர்வு செய்யும் முறை

வீடு பிடித்துவிட்டால் முன்பணம் கொடுக்குமுன் நான்கு நடை நடந்து பார்க்கலாம். முதல் நடை விடியற்காலை: பால், காய் வாங்கி மூன்று கிலோ சுமையோடு திரும்புவது. இரண்டாவது நண்பகல்: குடையில்லாமல் மருந்துக்கடைக்குப் போய்வந்து, எத்தனை அடி நிழலில் நடந்தோம் என்று பார்ப்பது. மூன்றாவது விளக்கு வைத்தபின்: வீட்டுப் பெண்களில் ஒருவர் தனியே போய்வந்து, திண்ணையிலும் கடையிலும் ஆள் இருந்தார்களா என்று சொல்வது. நான்காவது மழை விட்ட மறுநாள்: எங்கே நீர் தேங்கியது என்று சுவரில் உள்ள கறையைப் பார்ப்பது, வாய்க்கால் ஓரமென்றால் அதன் வாடையையும் அன்றே அறிவது.

இந்த நான்கில் மூன்றில் தேறினால் வீட்டை எடுத்துக்கொள்ளலாம். நண்பகல் நடையில் மட்டும் தோற்றால் குடை வாங்கிக்கொள்ளலாம். ஆனால் இரவு நடையில் தோற்றால், மற்ற மூன்றிலும் தேறினாலும், வேறு வீடு பார்ப்பதே நல்லது.

8. முடிபு

ஆறு அளவுகோல்களையும் சேர்த்துப் பார்க்கையில், வைசியாள் வீதி தொடங்கி சம்பா கோயில் வரை, ஆம்பூர் சாலைக்கும் காந்தி வீதிக்கும் நடுவே, நேரு வீதி இரைச்சலிலிருந்து சற்று விலகிய வீதிகளே பெரும்பாலோருக்குப் பொருந்துகின்றன. அங்கிருந்து பெரிய மார்க்கெட்டும் ரோமன் ரோலண்ட் நூலகமும் ஏறத்தாழ ஒரே அளவு நடையில். கையில் காசு குறைவென்றால் முத்தியால்பேட்டை. காலில் வலு குறைவென்றால் வெள்ளை நகர்.

அந்தப் பட்டைக்குக் காரோடு குடிபோகிறவர் ஒன்றை நினைவில் கொள்ளவேண்டும். தாழ்வாரம் மறைந்ததற்குக் காலம் மட்டும் காரணமன்று. வண்டி நிறுத்த இடம் வேண்டுமென்று ஒருவர் தூணைப் பிடுங்கினார், திருட்டு பயத்தில் அடுத்தவர் திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டார், மூன்றாமவர் அதையே கடையாக்கினார். ஒவ்வொரு வீடும் விலக விலக நிழல் துண்டு துண்டானது. புதிதாக வருகிறவர் நாலாவது ஆளாகவும் இருக்கலாம், திண்ணையைத் திறந்து வைப்பவராகவும் இருக்கலாம்.

புகாரின் இரு பாக்கங்களையும் இணைத்தது நாளங்காடி. இங்கே நடுவில் வாய்க்கால்தான் இருக்கிறது. ஆயினும் கிழக்கு மேற்கு வீதிகள் பல அதன்மேல் குறுக்கே போகின்றன. காலையில் காய்க்காக மேற்கேயும் மாலையில் காற்றுக்காகக் கிழக்கேயும் நாள்தோறும் நடப்பவர்களுக்கு வாய்க்கால் ஊரின் எல்லையாகத் தோன்றாது, வழியில் வரும் ஒரு சிறு பாலமாகவே இருக்கும்.